பிங்குக்குப் பதில் வருகிறது, மல்டிகாஸ்ட் மட்டும் வரவில்லை

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்4 சில்லு கொண்ட பலகையில் எல்டபிள்யூஐபி 2.1 (சிறு கருவிகளுக்கான இணைய நெறிமுறை நிரல் தொகுப்பு) ஓடுகிறது. பிங் வேலை செய்கிறது. பலகையின் சொந்த ஐபி முகவரிக்கு அனுப்பும் யூடிபி பாக்கெட்டுகளும் வருகின்றன. 239.10.1.5 என்ற மல்டிகாஸ்ட் குழுவில் (ஒரே பாக்கெட்டைப் பல கருவிகள் பெறுவதற்கான பொது முகவரி) சேரும் ஃபங்ஷன் பிழையின்றி 0 தருகிறது. ஆனால் மடிக்கணினியிலிருந்து அந்தக் குழுவின் 5000ஆம் போர்ட்டுக்கு அனுப்பும் பாக்கெட் ஒன்றுகூட வரவில்லை. இடையில் சுவிட்ச் இல்லை, நேரடிக் கேபிள்தான். எங்கே தேடுவது?

பதில்: அந்த 0 உங்களுக்குச் சொல்வது மிகக் குறைவு. எல்டபிள்யூஐபி தன் நினைவகத்திலுள்ள பட்டியலில் குழுவை எழுதிக்கொண்டது என்பதே அதன் பொருள்; ஈதர்நெட் வன்பொருள் அந்தப் பாக்கெட்டை உள்ளே விடுமா என்பது அந்த ஃபங்ஷனுக்குத் தெரியாது. இருந்தாலும் அதிலிருந்து ஒன்றை ஊகிக்கலாம். இடைமுகத்தில் ஐஜிஎம்பி (குழுவில் சேர்வதை வலைக்கு அறிவிக்கும் நெறிமுறை) ஃபிளாக் இல்லாவிட்டால் அந்த அழைப்பு -6 என்ற பிழையைத் தந்திருக்கும். ஆகவே ஃபிளாக் வைத்திருக்கிறீர்கள். அதை உரிய நேரத்தில் வைத்தீர்களா என்பதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் மடிக்கணினியைச் சந்தேகியுங்கள். அதில் வைஃபையும் இயங்கினால் மல்டிகாஸ்ட் அந்த வழியே போய்விடக்கூடும். பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைக் கேபிள் இடைமுகத்தில் திறந்து, பாக்கெட் அங்கேதான் வெளியேறுகிறது என்று உறுதிசெய்த பின்பே பலகைக்கு வாருங்கள்.

உங்கள் அறிகுறிகளுக்கு மிகவும் பொருந்துவது மேக் வடிகட்டிதான், அதாவது பாக்கெட்டின் வன்பொருள் முகவரியைப் பார்த்து ஏற்கும் அல்லது தள்ளும் ஈதர்நெட் பகுதி. மல்டிகாஸ்ட் பாக்கெட் பலகையின் சொந்த மேக் முகவரிக்கு வருவதில்லை. குழுவின் ஐபி முகவரியிலுள்ள கடைசி 23 பிட்டுகளை ஒரு நிலையான முன்னொட்டுடன் சேர்த்து உருவாகும் முகவரிக்கு வருகிறது. 239.10.1.5க்கு அந்த ஆறு பைட்டுகளைப் பதின்ம எண்களில் எழுதினால் 1, 0, 94, 10, 1, 5. (5 பிட்டுகள் விடுபடுவதால் 32 குழுக்கள் ஒரே மேக் முகவரியைப் பகிர்கின்றன, 224.138.1.5க்கும் இதே முகவரிதான்.) எஸ்டிஎம்32க்கான ஹால் நூலகத்தின் இயல்பான அமைப்பில், மல்டிகாஸ்ட்டைப் பொறுத்தவரை வன்பொருள் தன் முகவரிப் பதிவேடுகளில் உள்ளதை மட்டுமே ஏற்கும், மற்றவற்றை எல்டபிள்யூஐபி பார்ப்பதற்கு முன்பே ஓசையின்றித் தள்ளிவிடும். சோதனைக்காக, ஃபிரேம் வடிகட்டிப் பதிவேட்டில் எல்லா மல்டிகாஸ்ட்டையும் விடச் சொல்லும் 4ஆம் பிட்டை 1 ஆக்குங்கள். பாக்கெட்டுகள் வரத் தொடங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. வலையில் மல்டிகாஸ்ட் போக்குவரத்து குறைவென்றால் அப்படியே விட்டுவிடுவதில் தவறில்லை, நானும் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறேன். வீடியோ ஓடைகள் பாயும் வலையானால், 64 பிட் ஹாஷ் அட்டவணையையோ மீதமுள்ள மூன்று முகவரிப் பதிவேடுகளையோ பயன்படுத்தி வடிகட்ட வேண்டும்.

வடிகட்டி திறந்த பின்னும் வரவில்லையெனில் யூடிபி பைண்டை, அதாவது எந்த முகவரிக்கும் போர்ட்டுக்கும் வருவதை உங்கள் நிரல் பெறும் என்ற அமைப்பைப் பாருங்கள். பலகையின் சொந்த ஐபி முகவரியுடன் பைண்ட் செய்திருந்தால், பாக்கெட்டின் இலக்கு முகவரி அதனுடன் பொருந்தாததால் எல்டபிள்யூஐபி அதை உங்கள் நிரலிடம் தராது. எந்த முகவரியும் ஏற்புடையது என்றோ, குழுவின் முகவரியிலேயோ பைண்ட் செய்ய வேண்டும். இந்த ஒரு வரிக்காக ஒருமுறை இரண்டு நாள் வன்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இனி ஃபிளாக் வைக்கும் நேரம். நேரடிக் கேபிளில் இது தெரியாது; பலகையைச் சுவிட்சில் செருகும் நாளில்தான் கடிக்கும். இடைமுகத்தைச் சேர்க்கும் ஃபங்ஷன், உங்கள் டிரைவரின் தொடக்க ஃபங்ஷனை அழைத்து முடித்தவுடன் ஃபிளாக்கைப் பார்க்கிறது. இருந்தால் மட்டுமே எல்லாக் கருவிகளுக்குமான 224.0.0.1 குழுவில் தானாகச் சேர்கிறது. அதன்பின் நீங்கள் ஃபிளாக் வைத்தால் உங்கள் குழுவில் சேர முடியும், ஆனால் 224.0.0.1 பட்டியலில் இருக்காது. ஸ்னூப்பிங் செய்யும் (எந்த போர்ட்டில் எந்தக் குழு வேண்டும் என்று ஐஜிஎம்பி செய்திகளைக் கவனித்து அறியும்) சுவிட்சுள்ள வலையில், யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று கேட்கும் குவெரியர் இயல்பாக 125 நொடிக்கு ஒருமுறை அந்த முகவரிக்குத்தான் பொதுக் கேள்வி அனுப்புகிறது. கேள்வியைப் பலகை கைவிடும், பதில் போகாது, ஐஜிஎம்பி 2ஆம் பதிப்பின் இயல்பான கணக்குப்படி 260 நொடி கழிந்ததும் சுவிட்ச், பலகை செருகிய போர்ட்டுக்கு ஓடையை நிறுத்திவிடும். மறுதொடக்கம் செய்தால் நான்கு நிமிடம் சரியாக ஓடி மீண்டும் நிற்கும். உங்கள் குழுவின் மேக் முகவரியை மட்டும் வடிகட்டியில் சேர்த்து 224.0.0.1க்கான 1, 0, 94, 0, 0, 1 என்பதை விட்டுவிட்டாலும் இதே விளைவுதான். இயங்குதளம் இல்லாமல் ஓட்டுபவர்கள் முதன்மைச் சுழற்சியில் எல்டபிள்யூஐபியின் டைமர் சரிபார்ப்பை அழைக்க மறந்தாலும், பதில் அனுப்பும் நேரம் வராமலே போகும்.

ஆகவே ஃபிளாக்கை டிரைவரின் தொடக்க ஃபங்ஷனுக்குள்ளேயே வையுங்கள். கியூப்எம்எக்ஸ் (தொடக்க நிரலை உருவாக்கித் தரும் கருவி) உருவாக்கிய கோப்பானால், பயனர் நிரலுக்கென்று குறித்த பகுதிக்குள் எழுதுங்கள். வெளியே எழுதியதை அடுத்த முறை உருவாக்கும்போது அது அழித்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் சுவிட்சில் நான்கு நிமிடத்தில் நின்றால், வயர்ஷார்க்கில் பொதுக் கேள்வி வருகிறதா என்று பாருங்கள். வரவே இல்லையெனில் அந்த வலையில் குவெரியர் இல்லை. பிழை உங்கள் நிரலில் இல்லை, சுவிட்சிலேயே குவெரியரை இயக்கச் சொல்லுங்கள்.