காலேஜ் இன்டர்ன் எடுக்கறது பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

சென்னைல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில இன்டர்ன் இன்டர்வியூ எல்லாம் என் தலைலதான். கம்பெனிக்காரங்க, ஸ்டூடண்ட்ஸ் யார் வேணா கேக்கலாம்.

கேள்வி (கோவை, ஐடி கம்பெனி): மேடம், எல்லா ரெஸ்யூமும் ஒரே மாதிரி இருக்கே, எப்படி பிரிக்கறது?

பதில்: ஆமாங்க, ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட், லைப்ரரி மேனேஜ்மென்ட், முகத்த வச்சு அட்டெண்டன்ஸ், இத விட்டா வேற கிடையாது. ஆனா அதுக்காக கழிச்சு விடாதீங்க, அந்த ப்ராஜெக்ட்டையே லேப்டாப்ல திறக்க சொல்லுங்க. நான் கேக்கறது, ஒரே பேஷண்ட் போன் நம்பர மாத்திட்டு திரும்ப வந்தா உன் டேட்டாபேஸ் டேபிள்ல என்ன ஆகும்? காசு குடுத்து வாங்கின ப்ராஜெக்ட்னா டேபிள் எங்க இருக்குன்னே தேடிட்டு இருப்பாங்க. போன தடவ ஒரு பொண்ணு "ஐயோ மேடம், ரெண்டு ரெக்கார்டு ஆயிடும்"னு சொல்லிட்டு நாங்க ஒண்ணும் சொல்லாமலே ப்ரோக்ராம் கோட திருத்த ஆரம்பிச்சிடுச்சு, அப்பவே ஆஃபர் குடுத்துட்டோம். கடிகார முள் கோணம் கேக்கற புதிரெல்லாம் எதுக்குங்க, யூட்யூப்ல மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க.

கேள்வி: சாட்ஜிபிடி பாத்து எழுதினா?

பதில்: எழுதட்டுமே, நாம மட்டும் என்னவாம். ஸ்க்ரீன் ஷேர்ல வச்சே யூஸ் பண்ண சொல்லுங்க, அது குடுத்ததுல எத தூக்கி போடறாங்கன்னு பாருங்க.

கேள்வி (மதுரை, மூணாவது வருஷம்): அக்கா, இங்கிலீஷ் சரளமா வராது. தமிழ்ல பேசலாமா?

பதில்: தாராளமா பேசுப்பா. முதல்லயே கேட்டுட்டு பேசு, அவ்ளோதான்.

கேள்வி (திருப்பூர், எக்ஸ்போர்ட்): ஸ்டைபெண்ட், அதான் மாச உதவித்தொகை, கட்டாயமா? பிஎம் இன்டர்ன்ஷிப்ல கவர்மென்ட்டே குடுக்குதாமே?

பதில்: 2024 அக்டோபர்ல அத ஆரம்பிச்சப்ப போட்ட விதிப்படி மாசம் 5,000 ரூபா, அதுல 4,500 அரசு, மிச்சம் 500 கம்பெனியோட சிஎஸ்ஆர் காசு, அதாவது சமூகப் பணிக்குன்னு ஒதுக்கற பணம். ஆனா அது பெரிய 500 கம்பெனிகள வச்சு கொண்டு வந்தது, அப்ப வயசு 21ல இருந்து 24னு வச்சிருந்தாங்க, அதவிட முக்கியம் ரெகுலர் காலேஜ் படிக்கறவங்களுக்கு கிடையாதுன்னு இருந்துச்சு. படிப்ப முடிச்ச பசங்க போதும்னா அப்ரண்டிஸ் ஸ்கீம் பாருங்க, அதாவது வேலைலயே வச்சு பயிற்சி குடுக்கற திட்டம், 1961 சட்டத்துல வர்றது, ஸ்டைபெண்ட்ல ஒரு பங்கு அரசுகிட்ட இருந்து திரும்ப வரும், அதுக்கான தென்மண்டல ஆபீஸ் சென்னை தரமணில இருக்கு. படிச்சிட்டு இருக்கற பசங்கன்னா உங்க கைலேர்ந்துதான் சார் குடுக்கணும். ஹாஸ்டல் வாடகையும் பஸ் காசும் போட்டுட்டு ஒரு பையன் சும்மா எத்தன நாள் வருவான்?

கேள்வி: காலேஜ்ல என்ன லெட்டர் வாங்கணும்?

பதில்: இவங்க எங்க ஸ்டூடண்ட்தான்னு சொல்ற போனஃபைட், எச்ஓடி, அதாவது துறைத்தலைவர், கையெழுத்து போட்ட என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற லெட்டர். செமஸ்டர் எக்ஸாம் தேதியும் கேட்டு வச்சிக்கோங்க, இல்லன்னா சாஃப்ட்வேர் ரிலீஸ் பண்ற வாரத்துல ஆள் இருக்க மாட்டாங்க.

கேள்வி (சேலம், ஸ்டூடண்ட்): அக்கா, 8,000 ஃபீஸ் கட்டினா இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் தர்றேங்கறாங்க, இன்டர்வியூ கூட இல்லயாம்.

பதில்: கட்டாதம்மா! வேல செய்யறவங்களுக்குத்தான் காசு, நீ எதுக்கு குடுக்கணும். எங்ககிட்ட வர்ற ரெஸ்யூம்ல அந்த மாதிரி சர்டிஃபிகேட்ட பாத்தா அடுத்த வரிக்கு போயிடுவோம். அந்த நேரத்துல உங்க ஊர் டவுன் பஸ் டைம் காட்டற ஒரு சின்ன ஆப்பாவது நீயே செய், பாதிதான் வேல செய்யுதுன்னாலும் கொண்டு வா, அத வச்சே அர மணி நேரம் பேசலாம்.