குழந்தைக் கடத்தல் கும்பலை ஆராய்வது போலீசுக்கு எப்படி உதவும்?

காரைக்குடியில் சமூகப்பணி படிக்கும் நீங்கள், தலைவனைப் பிடித்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது, அந்த இடத்துக்கு இன்னொருவன் வந்துவிடுவான். ஆள்பிடிக்கும் தரகர், முன்பணம் தருபவர், வண்டி பேசிவிடுபவர் ஆகியோரை இணைப்பது யார் என்பதே கேள்வி. செட்டிநாட்டு வட்டிக்கடைப் பேரேடு போல, பணம், தொலைபேசி அழைப்பு, பயணம் மூன்றையும் 'யாரிடமிருந்து யாருக்கு' என்று கோடிட்டால், பல கோடுகள் சந்திக்கும் ஓர் ஆள் தெரிவார். அவர் பார்வைக்கு அப்பாவியாகக்கூட இருக்கலாம். அவரை விலக்கினால் வலை துண்டுபடும். ஆனால் போலீஸ் ஏற்கெனவே கண்காணித்தவரைப் பற்றியே தகவல் அதிகம் இருக்கும் என்பதால், இந்தக் கோட்டுப் படத்தில் அவரே பெரிதாகத் தெரிவார். அதை நம்பிவிடக் கூடாது.

இணையத்தில் நீங்களே துப்பறிய வேண்டாம். குழந்தைகளின் ஆபாசப் படங்களைத் தேடுவதும் பதிவிறக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். தீர்ப்பான வழக்குகளின் ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள். ஊரில் சந்தேகம் எழுந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.