பதில்: மலேரியால கிட்னி போயிருச்சா, டயாலிசிஸ் ஆயுசுக்குமா?

சும்மா ஆறுதலுக்கு சொல்ல மாட்டேன், ஃபால்சிபாரம்ங்கற ஆபத்தான வகை மலேரியால கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு, ரத்தத்துல ஏறினா கிட்னி சரியா வேலை செய்யலைன்னு அர்த்தம்) 3ஐ தாண்டினாலே அது சிவியர்தான், உங்க அண்ணனுக்கு 4.2, நேத்து முழுக்க யூரின் 300 எம்எல் கூட வரலைன்னு வேற எழுதிருக்கீங்க. ஆனா டயாலிசிஸ்னாலே ஆயுசுக்கும்தான்னு நினைக்கிறீங்களே, இந்த மாதிரி கேஸ்ல பெரும்பாலும் அப்படி இல்ல.

கிருமி புகுந்த சிவப்பணு எல்லாம் பொடி ரத்தக்குழாய்ல ஒட்டிக்கிட்டு அடைக்குது, உடைஞ்ச அணுவுல இருந்து வர்ற ஹீமோகுளோபின் கிட்னிக்குள்ள இருக்கற நுண்குழாய்களை கெடுக்குது, வாந்தில தண்ணிச்சத்து போனது இன்னொரு பக்கம். அந்த நுண்குழாய் செல்லு மறுபடி வளரும், அதுவரைக்கும் ரத்தத்தை சுத்தம் பண்ணத்தான் டயாலிசிஸ். அதனால பொட்டாசியம் ஏறுது, மூச்சு வாங்குதுன்னு டாக்டர் சொன்னா தள்ளிப் போடாதீங்க. நிறைய பேருக்கு சில நாள்லயே யூரின் வர ஆரம்பிச்சிரும், கிரியேட்டினின் இறங்கத்தான் ரெண்டு மூணு வாரம் இழுக்கும்.

காய்ச்சல் விட்டிருச்சேன்னு கேட்டீங்க. விட்ட பிறகும் கிரியேட்டினின் ஏறும், நம்பி வீட்டுக்கு கூட்டிட்டு வந்துராதீங்க.

யூரின் வரட்டும்னு சொந்தக்காரங்க லிட்டர் லிட்டரா தண்ணி குடுப்பாங்க பாருங்க, அதை மொதல்ல நிறுத்துங்க, நுரையீரல்ல நீர் கோத்துக்கும். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேணவே வேணாம். யூரின் கோலா கலர்ல போனா உடனே நர்ஸ்கிட்ட காட்டுங்க. ஆர்டிசுனேட்ங்கற மலேரியா மருந்து ஊசி போட்டிருந்தா டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஒரு மாசம் அப்பப்ப ஹீமோகுளோபின் பாருங்க, லேட்டா குறையும் சிலருக்கு.