புழு மூளையைப் படித்தால் வேலை கிடைக்குமா? நீடாமங்கலத்து அம்மா ஒருவருக்குப் பதில்

அம்மா, வணக்கம். பத்தாவது முடித்த உங்கள் பெண் “மெஷினுக்கு அறிவு வரணும்னா மனுஷ மூளையிலேர்ந்து ஆரம்பிக்கக் கூடாது, புழு பூச்சியிலேர்ந்து ஆரம்பிக்கணும்” என்று சொன்னால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவள் சொல்வது விளையாட்டுப் பேச்சு இல்லை. இதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கும் ஆய்வுக்கூடங்கள் உலகத்தில் பல இருக்கின்றன.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்ற அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் வேண்டும் என்று அவளுடைய மாமா ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டரை வெளியிலும் கற்றுக்கொள்ளலாம். விட்டுப்போன உயிரியலைப் பிறகு பிடிப்பதுதான் கஷ்டம்.

சரி, அவள் பேசுவது என்ன என்று பார்ப்போம். வாழை போட்டிருக்கிறீர்கள், அதனால் வேரைத் துளைக்கும் நூற்புழு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கூட்டத்திலேயே பயிருக்குத் தொல்லை தராத ஒன்று உண்டு. சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்று பெயர். பாக்டீரியாவைத் தின்று வாழும், நீளம் ஒரு மில்லிமீட்டர். அதன் உடம்பில் இருக்கும் நரம்பு செல்கள் மொத்தமே 302. கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் என்ற உயிரியலாளரின் குழு அந்தப் புழுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்து, எந்த செல் எதோடு இணைகிறது என்று கையாலேயே தடம் பிடித்தது. முழுப் படம் 1986இல் வெளியானது.

படம் கிடைத்து இத்தனை வருடம் ஆகிறதே, அப்படியென்றால் கம்ப்யூட்டருக்குள் ஒரு புழு உயிரோடு நெளிய வேண்டாமா? 2011இல் தொடங்கிய ஓப்பன்வோர்ம் திட்டம் அதற்குத்தான் முயல்கிறது. முழுப் புழு இன்னும் வரவில்லை. ஏன் என்று உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்வது சுலபம். உங்கள் ஊர் மூணாறு தலைப்பு மதகில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் எப்படிப் பிரிகின்றன என்ற வரைபடம் கையில் இருந்தால் மட்டும் கடைமடைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று சொல்லிவிட முடியாது. எந்த ஷட்டர் எவ்வளவு ஏறியிருக்கிறது, இந்த வாரம் முறை யாருக்கு என்பதெல்லாம் தெரிய வேண்டும். புழுவிலும் இணைப்பு தெரியும், ஆனால் அந்த இணைப்பு எவ்வளவு பலமானது, தூண்டுகிறதா அடக்குகிறதா என்பது படத்திலிருந்து முழுசாகத் தெரியாது. போதாததற்கு செல்கள் ரசாயனங்களைக் கசியவிட்டு, தமக்கு நேரடித் தொடர்பே இல்லாத செல்களையும் மாற்றிவிடுகின்றன. பசித்த புழுவுக்கும் வயிறு நிறைந்த புழுவுக்கும் இணைப்புப் படம் ஒன்றுதான், நடத்தை வேறு.

2024இல் பழ ஈயின் மூளைக்கும் முழுப் படம் வந்துவிட்டது. சுமார் 1,39,000 நரம்பு செல்கள், 5 கோடிக்கு மேல் இணைப்புகள். மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள். 302இல் திணறுகிறவர்கள் 8,600 கோடியில் எப்படித் தொடங்குவது? உங்கள் மகளின் வாதம் இதுதான். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. இன்றைய ஏஐ நேர் எதிர் முனையிலிருந்து வந்தது, எழுத்தையும் பேச்சையும் மலைமலையாகத் தின்று வளர்ந்தது. பணமும் வேலையும் இப்போது அந்தப் பக்கம்தான் அதிகம், அதை மறைக்க மாட்டேன்.

இருந்தாலும் பூச்சிப் பக்கம் வெறுங்கை இல்லை. சம்பா வயலுக்கு மேல் தட்டான்கள் கொசு பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரை இருக்கும் இடத்துக்குத் தட்டான் போவதில்லை, அது போய்ச் சேரப்போகும் இடத்துக்குப் போகிறது. பத்தில் ஒன்பதுக்கு மேல் பிடித்துவிடுகிறது. இரை எந்தத் திசையில் போகிறது என்று சிறகுகளுக்குச் சொல்லியனுப்பும் வேலையை 8 ஜோடி நரம்பு செல்கள், அதாவது வெறும் 16 செல்கள் பார்க்கின்றன. ட்ரோன் செய்கிறவர்களுக்கு இதைப் பார்த்தால் நாக்கு ஊறாதா? பெங்களூரில் பொறியியல் படித்து ஆஸ்திரேலியாவுக்குப் போன மாண்டயம் ஸ்ரீனிவாசன், தேனீ எப்படி மெதுவாகத் தரையிறங்குகிறது என்று கண்டுபிடித்தார். கீழே தரை ஓடுவதாகக் கண்ணுக்குத் தெரியும் வேகம் மாறாதபடி பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தரை நெருங்க நெருங்கத் தன் வேகம் தானாகவே குறைந்துவிடுகிறது. இந்தச் சூத்திரம் பறக்கும் எந்திரங்களுக்கும் போனது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராட்னி புரூக்ஸ் என்ற ரோபோ ஆய்வாளர் 1989இல் ஆறு கால் பூச்சி ரோபோ ஒன்றைச் செய்தபோதும் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அடுத்த வருடம் அவர் இன்னும் சிலரோடு சேர்ந்து ஆரம்பித்த கம்பெனிதான் 2002இல் வீடு கூட்டும் ரூம்பாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

படிப்புக்கு வருவோம். பிளஸ் டூ முடித்ததும் ஐசர் நுழைவுத்தேர்வு எழுதட்டும். ஐசர் என்பது அறிவியல் படிப்புக்கும் ஆராய்ச்சிக்குமான மத்திய அரசு நிறுவனம். மொத்தம் 60 கேள்வி. இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. நான் இந்த குரூப்பைச் சொன்னதற்கு முக்கியக் காரணமே இதுதான். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் ஐசர் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த பி.எஸ். படிப்புக்கும் இதே தேர்வுதான். அது அமையாவிட்டால் பொறியியல் கலந்தாய்வு இருக்கிறது, இந்த குரூப்பில் படித்தவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். அங்கே ஈ.சி.இ., அதாவது மின்னணு மற்றும் தகவல்தொடர்புப் பொறியியல், எடுக்கச் சொல்வேன். “ஏஐ” என்று பெயரில் ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து எந்தக் கல்லூரியிலும் பணம் கட்டாதீர்கள். பாடத்திட்டத்தில் கணக்கு எவ்வளவு, லேப் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆய்வாளராக வேண்டும் என்றால் பிஎச்.டி. வரை போக வேண்டியிருக்கும், வயது 28, 29 ஆகிவிடும். கல்யாணப் பேச்சு வரும், தெரியும். பிஎச்.டி. காலம் முழுக்க வீட்டுப் பணத்தில் ஓடுவதில்லை என்பதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லுங்கள். ஆய்வு மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நடுவிலேயே வேலைக்குப் போக நினைத்தாலும் வழி இருக்கிறது. படங்களைக் கம்ப்யூட்டரால் அலசத் தெரிந்தவர்களை ட்ரோன், ரோபோ, மருத்துவ ஸ்கேன் கம்பெனிகள் எடுத்துக்கொள்கின்றன. “பூச்சி மூளை” என்று போர்டு மாட்டிய கம்பெனியை நம்மூரில் தேடினால் மட்டும் ஏமாற்றம்தான்.

இந்த ஆசை எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க ஒரு வேலை கொடுங்கள். வரப்பில் உட்கார்ந்து உங்கள் போனில் ஸ்லோ மோஷனில் தட்டான்களை அவள் படம் பிடிக்கட்டும். பிரேம் பிரேமாகத் தட்டான் எங்கே, இரை எங்கே என்று நோட்டில் குறிக்கட்டும். அப்புறம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு அதையே கம்ப்யூட்டரைக் குறிக்க வைக்கட்டும், செலவில்லாமல் கற்க இணையத்தில் நிறையவே இருக்கிறது. அரைப்பரீட்சை லீவு வரைக்கும் விடாமல் செய்தாள் என்றால் அந்த நோட்டோடு அவளை அழைத்துவாருங்கள், நுழைவுத்தேர்வுத் தயாரிப்பை அப்போது பேசுவோம். அதற்கு முன்னால், சேர்க்கை முடிவதற்குள் தலைமை ஆசிரியரைப் பார்த்து குரூப்பை உறுதி செய்துவிடுங்கள்.