படகுக்கு மைலேஜ் கேட்பவர்களுக்கு: ஒரு மேட்டூர் மெக்கானிக்கின் கேள்வி பதில்

மேட்டூரில் அவுட்போர்டு இன்ஜின், அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின், பழுது பார்ப்பது என் தொழில். சேலம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் பதில் தெரிந்தவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

ஓமலூர்: அண்ணா, 16 அடி ஃபைபர் படகு, 25 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக், 25 லிட்டர் டேங்க். மைலேஜ் என்ன வரும்?

தம்பி, பைக் கணக்கைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். படகுக்கு மணிக்கு எத்தனை லிட்டர் என்றுதான் பார்க்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின் முழு த்ராட்டிலில், அதாவது முழுதாக முறுக்கி ஓட்டினால், ஒரு எச்பிக்கு மணிக்கு 0.3 லிட்டர் சுமார் குடிக்கும். உங்களுடையதற்கு ஏழரை லிட்டர். டேங்க் மூன்று மணி இருபது நிமிடம் தாங்கும். அதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மூன்றாவது பங்கைத் தொடக் கூடாது. எட்டு லிட்டர் தீர்ந்ததும் படகைத் திருப்புங்கள்.

இது குத்துமதிப்புதான். சரியாகத் தெரிய வேண்டுமானால் டேங்கில் ஒரு கோடு போட்டு அதுவரை நிரப்புங்கள். போனில் ஜிபிஎஸ் போட்டு ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். கரைக்கு வந்து, சமதரையில் டேங்கை வைத்து, லிட்டர் படியால் அதே கோடு வரை ஊற்றுங்கள். எவ்வளவு பிடித்ததோ அதுதான் உங்கள் கணக்கு.

அஸ்தம்பட்டி: பழைய டூ ஸ்ட்ரோக், 8 எச்பி. எவ்வளவு குடிக்கும்?

மேலே சொன்னதேதான். 0.3க்குப் பதில் 0.45 போடுங்கள்.

கொளத்தூர்: மெதுவாகப் போனால் பெட்ரோல் மிச்சம் என்கிறேன். வேகமாகப் போனால்தான் மிச்சம் என்கிறான் மச்சான். யார் சரி?

இரண்டு பேரும் பாதி சரி. நான் ஒரு 25 எச்பி படகில் அளந்த கணக்கு இது. 8 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கு ஒன்றரை லிட்டர், அதாவது லிட்டருக்கு ஐந்துக்கு மேல். 14இல் 4.2 லிட்டர், லிட்டருக்கு மூன்றரைகூட இல்லை. 27இல் 5.8 லிட்டர், லிட்டருக்கு நாலரை.

ஆமை வேகத்தில் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும், செலவு குறைவு. நல்ல வேகத்தில் தண்ணீருக்கு மேலே ஏறிச் சறுக்கும். இடையில்தான் வம்பு. மூக்கு வானத்தைப் பார்க்கும், பின்புறம் அமிழும், படகு தன் அலை மீதே ஏற முயலும். அந்த வேகத்தில் ஓட்டுவது பணத்தைத் தண்ணீரில் கொட்டுவது.

கொளத்தூர், மச்சான்: அப்படியானால் ஜெயித்தது நான்தானே?

படகில் எத்தனை பேர்?

மச்சான்: ஆறு பேர், இரண்டு ஐஸ் பெட்டி.

அந்தப் பாரத்துக்கு உங்கள் படகு மேலே ஏறியே இருக்காது. மூக்கைத் தூக்கிக்கொண்டே போயிருக்கும். நாலு பேரை இறக்கிவிட்டு அப்புறம் பந்தயம் கட்டுங்கள்.

எடப்பாடி: ஒகேனக்கல் பக்கம் ஆற்றை எதிர்த்துப் போனால் செலவு கூடுமா?

ஆற்று நீர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், 8இல் போகும் படகு கரையைப் பொறுத்து 4தான் நகரும். நேரம் இரட்டிப்பு, பெட்ரோலும் இரட்டிப்பு. அதனால்தான் மணிக் கணக்கைச் சொல்கிறேன்.

மேச்சேரி: நடு அணையில் இன்ஜின் நின்றுவிட்டது. டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தது!

டேங்க் மூடியின் நடுவில் இருக்கும் சின்னக் காற்றுத் திருகைத் திறந்தீர்களா? எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது. கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர், நல்ல வெயில். ஹோஸில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை சப்பையாக ஒட்டிக்கிடந்தது. திருகை அரைச் சுற்றுத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போய், உருண்டை உப்பியது. வண்டியில் ஏற்றும்போது மூடியிருக்க வேண்டும், ஓட்டும்போது திறந்திருக்க வேண்டும்.

ஏற்காடு: இன்ஜினை மலைக்குக் கொண்டுவந்தால் கூடுதலாகக் குடிக்குமா?

1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது. சக்தி ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். கார்புரேட்டர் இன்ஜின் பெட்ரோலைத் தேவைக்கு மேல் இழுத்துப் புகையும். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளையான ஜெட்டை மாற்ற வேண்டும். எவ்வளவு தூரம் போகும் என்று உங்கள் ஏரிக்குக் கேட்காதீர்கள், பெடல் படகே மறுகரை போய்விடும்.

ஆத்தூர்: சொந்தப் படகை அணையில் இறக்கலாமா?

அனுமதியை நீர்வளத் துறையிடம் கேளுங்கள். நான் இன்ஜின்காரன்.

நங்கவள்ளி: போன வருடத்தைவிட இப்போது அதிகம் குடிக்கிறது, ஏன்?

புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி சிலை வெளியே தெரியும், எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். முழுதாகத் தெரியாமல் அரையடி ஆழத்தில் கிடக்கும் கல்லும் மரக்கட்டையும்தான் புரொப்பெல்லர் இலையின் நுனியை மடக்குபவை. மடங்கிய இலையோடு ஓடினால் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று) ஏறும், படகு நகராது. அடிப்பாசியையும் சுரண்டிவிடுங்கள்.

தாரமங்கலம்: 15 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக். மைலேஜ்?

0.3ஆல் பெருக்குங்கள். டேங்கை மூன்றால் வகுங்கள்.

அயோத்தியாபட்டணம்: அண்ணா, 10 எச்பிக்கு மைலேஜ்...

திருகைத் திறந்தீர்களா?