ஒரே கணினியில் பழைய பயர்பொக்சும் புதிய பயர்பொக்சும் ஓடுமா?

கல்முனையில் தொடர்பகம் நடத்துறீங்க, ஜாவா பிளகின் (உலாவிக்குள்ள ஜாவாவை ஓட்டும் துணை மென்பொருள்) கேட்கிற பழைய தளத்துக்கு பயர்பொக்ஸ் உலாவியின் 52 இ.எஸ்.ஆர். (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) தேவை, புதிய பதிப்பையும் விட ஏலாது. இரண்டும் ஓடும்.

நிறுவும்போது ‘கஸ்டம்’ தெரிவுசெய்து, 52-ஐ வேறு ஃபோல்டரில் போடுங்க. அது லேசான வேலை. சிக்கல் புரொபைலில்தான். புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் புரோகிராமுக்குள்ள இல்லை, தனி ஃபோல்டரில் இருக்கு; அதுதான் புரொபைல். 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் புரொபைல். 52க்கு அந்த வழக்கம் தெரியாது. புதியதின் புரொபைலைத் திறந்தால் குழப்பிவிடும். காத்தான்குடியில் மாமாவின் கடையில் இப்படித்தான் நான் புக்மார்க் முழுவதையும் தொலைச்சு, நல்லா வாங்கிக் கட்டினேன்.

ஆகவே 52இன் ஷோர்ட்கட்டை வலது கிளிக் செய்து, புரொபர்ட்டீஸில் உள்ள டார்கெட் பெட்டியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, ஹைபனும் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘பி’யும் சேருங்க. திறக்கும்போது புரொபைல் மேனேஜர் வரும். புதிதாக ஒன்று உருவாக்கி அதையே எப்போதும் தெரிவுசெய்யுங்க. இரண்டையும் ஒரே நேரத்தில் திறக்க, அதே இடத்தில் ஹைபனோடு ‘நோ-ரிமோட்’ என்பதையும் ஆங்கிலத்தில் சேர்க்கணும்.

52இல் தானியங்கி அப்டேட்டை உடனே நிறுத்துங்க, இல்லாட்டி அது தானாகவே புதிய பதிப்புக்கு ஏறிவிடும். பாதுகாப்புத் திருத்தம் 2018ஓட நின்ற பதிப்பு என்பதால், வாடிக்கையாளரின் வங்கி வேலையை அதில் செய்யவே வேண்டாம்.