சைபர் செக்யூரிட்டியா, டவுன் பிளானிங்கா? பிளஸ் டூ மாணவியின் பெற்றோருக்கு

"மகள் பிளஸ் டூ, கணக்கு–கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். ஒரு வாரம் சைபர் செக்யூரிட்டி என்கிறாள், மறுவாரம் டவுன் பிளானிங் என்கிறாள். அவள் அப்பாவோ, ஆன்லைன் கல்வி நிறுவனங்களில்தான் எதிர்காலம் என்கிறார். எதில் சேர்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் கம்ப்யூட்டர் வேண்டும்தான், ஆனால் வாசல்கள் வேறு வேறு. எந்த வாசல் முதலில் மூடும் என்று பாருங்கள். அது டவுன் பிளானிங். டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகளில் நான்காண்டு பி.பிளான் (திட்டமிடல் இளநிலைப் பட்டம்) படிக்க, ஜே.இ.இ. மெயினில் தாள் 2பி எழுத வேண்டும். 2ஏ என்பது பி.ஆர்க், அதாவது கட்டடக்கலைப் படிப்புக்கு. விண்ணப்பத்தில் பொறியியலுக்கான தாள் 1 மட்டும் டிக் செய்துவிட்டால், ரிசல்ட் வந்த பிறகு எதுவும் செய்ய முடியாது. நாட்டா எழுதினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் பி.ஆர்க்குக்கான தேர்வுதான். இன்னொன்று, 2பி-யில் படம் வரையும் பகுதி கிடையாது. கணக்கு, ஆப்டிட்யூட், திட்டமிடல் சார்ந்த கேள்விகள்தான் வரும். வரைய வராது என்று ஒதுங்க வேண்டாம்.

அது கைகூடாவிட்டால், கிண்டி பொறியியல் கல்லூரியில் பி.இ. ஜியோ இன்ஃபர்மேடிக்ஸ் (கணினி வரைபடம், இடம் சார்ந்த தரவு பற்றிய படிப்பு) இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 200-க்கான அதே கட்-ஆஃப் போதும். சிவில் முடித்துவிட்டு எம்.பிளான் (திட்டமிடல் முதுநிலை) போவதும் நல்ல வழி.

சைபர் செக்யூரிட்டிக்கு வருவோம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். கல்லூரியின் பாடத்திட்டத்தை இறக்கி, சி.எஸ்.இ. (கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல்), சைபர் செக்யூரிட்டி இரண்டையும் மூன்றாம் செமஸ்டரிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபடும் பாடங்களை எண்ணுங்கள். நான்கைந்துதான் வேறு என்றால், நல்ல கல்லூரியில் சி.எஸ்.இ.-யே எடுக்கலாம். ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ் மூன்றும் முழு அளவில் இல்லாத பாடத்திட்டம் என்றால், பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) எப்படிப் போகிறது என்று தெரியாதவருக்குத் தாக்குதலும் புரியாது, தடுப்பும் புரியாது.

"சி.ஐ.எஸ்.எஸ்.பி. கோச்சிங், மாணவர்களுக்குச் சலுகை" என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். அது அனுபவமுள்ள பாதுகாப்பு வல்லுநர்களுக்கான சான்றிதழ். அதற்கு ஐந்தாண்டு வேலை அனுபவம் வேண்டும். பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும், அவ்வளவுதான். தேர்வில் தேறினாலும் அனுபவம் சேரும்வரை 'அசோசியேட்' என்றுதான் போட்டுக்கொள்ள முடியும்.

அதற்குப் பதில், கல்லூரி திறக்கும்வரை வீட்டிலேயே செலவில்லாமல் தொடங்கலாம். ஓவர்-த-வயர் தளத்தில் 'பேண்டிட்' விளையாட்டு, லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கட்டளைகளைப் பழக்கும். நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில், ஒரு வலைப்பக்கம் திறக்கும்போது டி.என்.எஸ். கேள்வி (தளத்தின் பெயருக்கு முகவரி கேட்பது), டி.சி.பி.-யின் மூன்று கைகுலுக்கல் (இணைப்பு தொடங்கும் மூன்று செய்திகள்) எங்கே வருகின்றன என்று அவளே காட்ட வேண்டும். பிறகு, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் வர்ச்சுவல் பாக்ஸில், பயிற்சிக்காக வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்த டி.வி.டபிள்யூ.ஏ. என்ற வலைத்தளத்தை ஓட்டிப் பார்க்கட்டும். 8 ஜி.பி. ரேம் இருந்தால் ஓடும், 16 இருந்தால் நிம்மதி. நெட்வொர்க் அமைப்பு 'ஹோஸ்ட் ஒன்லி' (உங்கள் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசும்) என்று இருக்கட்டும். 'பிரிட்ஜ்ட்' என்று வைத்தால் அந்த ஓட்டை மெஷின் வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லாருக்கும் திறந்து கிடக்கும்.

ஒரு கண்டிப்பு: பள்ளியின் தளத்தையோ பக்கத்து வீட்டு ரூட்டரையோ 'சும்மா சோதித்துப் பார்ப்பது' கூடாது. அனுமதியின்றி, நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு வேலைக்கான பின்னணிச் சரிபார்ப்பிலும் மாட்டும்.

ஆன்லைன் கல்வி பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள், அதற்கென்று தனிப் பட்டம் தேட வேண்டாம். மூடுல் (ஆன்லைன் வகுப்பு நடத்தும் மென்பொருள்) சர்வரை நிர்வகிப்பது, எந்தக் கல்வித் தளத்திலும் ஓடக்கூடிய ஸ்கார்ம் வடிவில் பாடம் தொகுப்பது போன்றவற்றைப் பக்கத்தில் கற்றுக்கொள்ளலாம். இதில் யோசிக்கத்தக்கது வேறு ஒன்று. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர்கள் குழந்தைகள். அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். பாதுகாப்பும் பாடமும் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

இரண்டில் எது அவளுக்குப் பிடிக்கும் என்று பார்க்க, ஒரு மாதம் கியூ.ஜி.ஐ.எஸ். கொடுத்துப் பாருங்கள். வரைபடம் தயாரிக்கும் இலவச மென்பொருள்தான். உங்கள் வார்டின் தெருக்களை ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து எடுத்து, அரசுப் பள்ளிகளிலிருந்து 500 மீட்டருக்குள் எந்தத் தெருக்கள் வருகின்றன என்று வரையட்டும். முதல் முயற்சியில் 500 என்று கொடுத்ததும் வட்டம் உலகத்தையே விழுங்கிவிடும். காரணம், வரைபடம் டிகிரியில் இருக்கிறது, மீட்டரில் இல்லை. மீட்டரில் அளக்கும் யு.டி.எம். என்ற வரைபட முறைக்கு மாற்ற வேண்டும். சென்னை, மதுரை, திருச்சி என்றால் யு.டி.எம். 44 வடக்கு மண்டலம், மென்பொருளில் கொடுக்க வேண்டிய குறியீடு 32644. கோவை, ஈரோடு, திருநெல்வேலி 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே என்பதால் 32643. இதை மாற்றிக் கொடுக்காமல் விட்டுவிட்டு, ஏன் தப்பாக வருகிறது என்று அவள் எத்தனை நாள் உட்கார்ந்து தேடுகிறாள் என்று கவனியுங்கள். பேண்டிட்டில் ஐந்தாம் நிலையில் சிக்கும்போதும் அதையே கவனியுங்கள். எங்கே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதி அனுப்புங்கள், பிறகு கல்லூரிப் பட்டியலைப் பார்ப்போம்.